அந்தப் பிள்ளையை எங்கே அனுப்பினீர்கள்?

எங்கள் வீட்டு அலுமாரியின் மேல்தட்டில், பழைய துணி சுற்றிய ஒரு கறுப்புப் பெட்டி நெடுநாளாக இருந்தது. வாப்பா கலியாணம் முடிக்காத வாலிபராக ஜித்தாவில் வேலை செய்த காலத்தில், முதல் விடுமுறைக்கு ஊர் வரும்போது தூக்கிக்கொண்டு வந்த 'சேகா மெகா டிரைவ்' அது. உம்மாவுக்கு அது தூசு பிடிக்கும் ஒரு சாமான். வாப்பாவுக்கு அது என்ன என்பது எனக்குத் தெரியாது. ஆனால் வீடு மாறிய இரண்டு தடவையும் அவர் அதைத் தன் கையாலேயே சுமந்து வந்தார்.

2022 ஆம் ஆண்டை எவரும் மறந்திருக்கமாட்டோம். மின்வெட்டு ஒரு கட்டத்தில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை போனது. பாடசாலை நடந்த நாட்களும் உண்டு, நடக்காத நாட்களும் உண்டு. டேட்டா போடக் காசில்லை. அப்போதுதான் கரண்ட் வரும் ஒன்றிரண்டு மணி நேரத்துக்காக வாப்பா அந்தப் பெட்டியை இறக்கினார். பழைய குண்டு டீவியில் வயரைச் செருகி, கெசட்டின் அடியில் வாயால் ஊதி, உள்ளே தள்ளினார். திரையில் 'டொக்டர் ரொபொட்னிக்ஸ் மீன் பீன் மெஷின்' என்று வந்தது. அன்றுதான் அந்த விளையாட்டை நான் முதன்முதலில் கண்டேன்.

இது விளையாட்டுப் பற்றிய கட்டுரைதான். ஆனால் விளையாட்டில் இருந்த ஒருத்தி காணாமற் போனது பற்றிய கட்டுரையும்கூட. வாசிக்கும் தோழியர் சற்றுப் பொறுமையோடு கூட வரவேண்டும். முதலில் விளையாட்டைச் சொல்லியாக வேண்டும்.

திரையில் ஒரு கிணறு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு நிரல், பன்னிரண்டு நிரை. மேலிருந்து இரண்டிரண்டாகச் சோடி போட்டு வண்ண உருண்டைகள் விழுகின்றன. சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள், ஊதா. ஒரே நிறத்தில் நான்கு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் அவை மறையும். கிணறு மூன்றாவது நிரலில் வாய் வரை நிரம்பினால் தோல்வி. அவ்வளவுதான் சட்டம். எங்கள் வீட்டில் இதைத் தம்பி ஐந்து நிமிடத்தில் பழகிக்கொண்டான். அப்போது அவனுக்கு வயது எட்டு.

ஆனால் பழகுவது வேறு, புரிவது வேறு. புதிதாக ஆடுபவர் நான்கு சேர்ந்தவுடனே உடைத்துவிட்டு மகிழ்ச்சியடைவார். நன்றாக ஆடுபவர் உடைக்கமாட்டார். மூன்று சிவப்பை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி, அதன் தலையில் ஒரு பச்சையை வைப்பார். பக்கத்து நிரலில் தரையிலிருந்து மூன்று பச்சை. அந்தப் பச்சைகளின் தலையில் ஒரு மஞ்சள். அதற்குப் பக்கத்தில் மூன்று மஞ்சள். இப்படியே போகும். பார்க்கிறவருக்கு எல்லாம் குழப்பமாக, தோற்கப்போகும் கிணறாகத் தெரியும். பின்பு நாலாவது சிவப்பு ஒன்று பக்கவாட்டில் வந்து ஒட்டியதும், சிவப்பு மறையும், தலையிலிருந்த பச்சை தரைக்கு விழுந்து பக்கத்துப் பச்சைகளோடு சேரும், அவை மறையும், மஞ்சள் விழும். ஜப்பானியர் இதனைச் சங்கிலி என்றும், இப்படி அடுக்கும் முறையைப் படிக்கட்டு என்றும் சொல்கிறார்கள். ஒவ்வொரு சங்கிலிக்கும் எதிராளியின் கிணற்றில் நிறமற்ற குப்பை உருண்டைகள் கொட்டும். சங்கிலி நீள நீளக் குப்பையும் மலையாகும்.

இணைந்த கணிதம் படிக்கிற பிள்ளை என்ற வகையில் சொல்கிறேன், இது என் கணித ஆசிரியை கரும்பலகையில் செய்வதைப் போன்றதே. முதல் நான்கு வரிகள் எங்கே போகின்றன என்றே விளங்காது. ஐந்தாவது வரியில் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வெட்டிப்போகும். முடிக்கக்கூடியதை முடிக்காமல் வைத்திருக்கும் பொறுமை எனக்கு அந்தக் கறுப்புப் பெட்டியிலிருந்தும் கொஞ்சம் வந்தது என்று சொன்னால் உம்மா நம்பமாட்டார். "சோதின வெச்சிக்கொண்டு டீவிக்கு முன்னால இரிக்கிற புள்ளக்கி இது ஒரு நியாயமா?" என்று கேட்பார். உம்மாவின் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. நேரத்தைத் தின்னும் எதற்கும் ஓர் எல்லை வேண்டும். அந்த வாதத்தை இங்கே நான் நடத்த வரவில்லை.

விளையாட்டின் கதை இது. டொக்டர் ரொபொட்னிக் என்ற முட்டைத் தலை வில்லன் பீன்வில் என்னும் ஊரிலுள்ள அவரை விதைகளையெல்லாம் பிடித்து, அவற்றை ரோபோக்களாக மாற்றப் பார்க்கிறான். நாம் அவற்றை விடுவிக்க வேண்டும். பதின்மூன்று எதிரிகள். பன்னிரண்டு ரோபோக்கள், பதின்மூன்றாவதாக ரொபொட்னிக். ஒவ்வொரு சுற்றுக்கு முன்பும் அந்த ரோபோ திரையில் தோன்றி நம்மைப் பார்த்து ஏதாவது வீரம் பேசும். ஆட்டம் நடக்கும்போது திரையின் நடுவே அதன் முகம். நாம் தோற்கத் தொடங்கினால் அது சிரிக்கும், வெல்லத் தொடங்கினால் வேர்க்கும்.

நமக்கு முகம் இல்லை.

இதை நான் பல மாதங்களாகக் கவனிக்கவே இல்லை. கவனித்தபோதும் அது ஒரு குறையாகத் தெரியவில்லை. திரையின் இடப்பக்கம் ஒரு கிணறு; அது நான். வேறென்ன வேண்டும்? ஆனால் ரோபோ பேசி முடித்ததும் ஒரு கணம் மௌனம் வரும். யாரோ பதில் சொல்ல வேண்டிய இடத்தில் வரும் மௌனம் போலிருக்கும். அதற்குள் ஆட்டம் தொடங்கிவிடும்.

அந்த மௌனத்தின் காரணம் எனக்குப் பின்னர்தான் தெரிந்தது. இந்த விளையாட்டு இப்படிப் பிறந்ததே அல்ல. ஜப்பானின் ஹிரோஷிமா நகரில் இயங்கிய 'கொம்பைல்' என்ற நிறுவனம் 1991 இல் 'புயோ புயோ' என்ற பெயரில் இதனை வெளியிட்டது. அடுத்த ஆண்டு அது ஆர்கேட் இயந்திரங்களுக்கும் மெகா டிரைவுக்கும் வந்து ஜப்பானையே ஆட்டிவைத்தது. புயோ என்பது அந்த வண்ண உருண்டையின் பெயர். கொம்பைல் அதற்கு முன்பு செய்த 'மதோ மொனோகதாரி' என்ற கதை விளையாட்டில் அது வழியில் வந்து அடிபட்டுப் போகிற மிகச் சாதாரண எதிரி. அந்த உருண்டை பின்னாளில் எவ்வளவு புகழ் பெற்றதென்றால், அதன் உருவத்தில் மாவும் இனிப்பும் வைத்துப் பலகாரம் செய்தே விற்றார்கள்.

அந்தக் கதை விளையாட்டின் நாயகியே புயோ புயோவுக்கும் நாயகி. பெயர் ஆர்லே நட்ஜா. பதினாறு வயதுப் பெண். மந்திரக் கலை பயில்பவள். தோளில் எப்போதும் கார்பங்கிள் என்ற மஞ்சள் நிறக் குட்டிப் பிராணி. சுற்றுக்குச் சுற்று யாராவது வழிமறிக்கிறார்கள். சுருதி சேராமல் பாடும் ஒருத்தி வருகிறாள், கத்தரிக்காய் வடிவில் ஒன்று வருகிறது, எலும்புக்கூடு வருகிறது. ஒவ்வொருவரோடும் ஆர்லே பேசுகிறாள். அது வீரவசனம் அல்ல. இரண்டு பேர் மேடையில் நின்று ஒருவரையொருவர் வாரிக்கொள்ளும் நகைச்சுவை. எதிரி பெருமை பேச, அவள் சலித்துக்கொள்கிறாள், கேலி செய்கிறாள், சில வேளை என்ன சொல்வதென்று தெரியாமல் விழிக்கிறாள். சங்கிலி விழும்போது மந்திரங்களை அவளே உரத்துச் சொல்கிறாள். நீண்ட சங்கிலிக்கு 'பயோஎன்' என்ற ஒரு வினோதமான சொல். ஒரு தரம் கேட்டால் நாள் முழுக்க வாயில் வரும்.

இப்போது மறுபடியும் அந்த மௌனத்துக்கு வாருங்கள். ஜப்பானில் பதில் பேச ஒருத்தி இருந்தாள். 1993 இல் அதே விளையாட்டை மேற்கு நாடுகளுக்குக் கொண்டு செல்லும்போது அவளை எடுத்துவிட்டார்கள். கிணறு அதே கிணறு, சட்டம் அதே சட்டம், பதின்மூன்று எதிரிகள் என்ற கணக்கும் அப்படியே. அந்த ஆண்டு அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய 'சோனிக்' கார்ட்டூனின் வில்லனையும் அவனது ரோபோக்களையும் கொண்டுவந்து எதிரிகளின் இடத்தில் வைத்தார்கள். நாயகியின் இடத்தில் எவரையும் வைக்கவில்லை. பேச்சில் பாதியை வைத்துக்கொண்டு மீதிப் பாதியை அறுத்துவிட்டார்கள். ஆகவேதான் ரோபோ பேசுகிறது, பதில் இல்லை.

இது ஒரு தடவை நடந்தது என்றால் தற்செயல் என்று விட்டுவிடலாம். 1995 இல் அதே புயோ புயோ இன்னொரு இயந்திரத்துக்காக மேற்கே போனபோது 'கர்பிஸ் அவலாஞ்ச்' ஆனது. ஆர்லேயின் இடத்தில் இளஞ்சிவப்புப் பந்து கர்பி. குறைந்தபட்சம் அது வாய் திறந்து பதிலாவது பேசுகிறது; அந்த அளவில் அது ரொபொட்னிக்கைவிட மேல்.

அடுத்த ஆண்டில் நடந்தது எனக்கு இன்னும் கூடுதலாக உறுத்துகிறது. ஜப்பானில் 1995 இல் 'பனெல் டெ பொன்' என்றொரு விளையாட்டு வந்தது. இதுவும் வண்ணங்களைச் சேர்க்கும் விளையாட்டுத்தான். ஆனால் கட்டங்கள் மேலிருந்து விழாமல் கீழிருந்து எழும். பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களை இடம் மாற்றி மூன்றைச் சேர்க்க வேண்டும். அதன் நாயகி லிப் என்ற பூத்தேவதை. மந்திரத்தால் மதி மயங்கி ஒருவரோடொருவர் சண்டையிடும் தன் தோழியரை அவள் ஒவ்வொருத்தியாக ஆடி வென்று மீட்டெடுக்கிறாள். ஒரு பெண், தன் தோழியருக்காக. எங்கள் கல்லூரியில் ஒரு வகுப்பில் நடக்கக்கூடிய கதை. இறக்கைகள் மட்டும்தான் அதிகம். 1996 இல் இது அமெரிக்காவுக்குப் போனபோது 'டெட்ரிஸ் அட்டாக்' என்று பெயர் மாறியது. டெட்ரிஸுக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. லிப்பும் அவளுடைய தோழியரும் போய், அந்த இடத்தில் யோஷி என்ற பச்சை டைனோசரும் அதன் கூட்டாளிகளும் வந்தார்கள்.

2001 இல் வெளியான ஒரு புகழ்பெற்ற சண்டை விளையாட்டில், வீரர்கள் பொறுக்கி எடுத்து எதிரியை அடிக்கும் பொருட்களில் ஒன்றாக முனையில் பூ வைத்த ஒரு கோல் வருகிறது. லிப்பின் கோல் என்று அதற்குப் பெயர். டெட்ரிஸ் அட்டாக் மட்டும் ஆடிய அமெரிக்கப் பிள்ளைகள் அந்தக் கோலை எடுத்து அடித்துக்கொண்டிருந்திருப்பார்கள். லிப் என்பது யார் என்று கேட்டால் சொல்ல ஆளில்லை. ஆளை விட்டுவிட்டு அவள் கைப்பொருளை மட்டும் கொண்டுபோனார்கள்.

இனி மறுதரப்பையும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் விவாத மன்றத்தில் என்னோடு பேசும் தோழி என்னை விடமாட்டாள். ஆர்லேயும் லிப்பும் பெண் என்பதற்காகத்தான் நீக்கப்பட்டார்கள் என்று நான் கூறவில்லை. அதற்கு என்னிடம் சான்று இல்லை. அவர்களோடு ஆண் பாத்திரங்களும், பாவம் அந்தக் கத்தரிக்காயும்கூட நீக்கப்பட்டன. மேற்கே யாருக்கும் மதோ மொனோகதாரி தெரியாது. தெரியாத முகத்தைவிடத் தெரிந்த முகம் விற்கும். இது வியாபாரக் கணக்கு. இன்னொன்று, மூலத்தில் கடைசி எதிரியின் பெயர் சாத்தான். ஆர்லேயைக் கலியாணம் முடிக்க வேண்டும் என்று அலைகிற ஒரு கோமாளி அவன். அந்தப் பெயரைப் பார்த்து மேற்கத்தியத் தாய்மார் முகம் சுளித்திருக்கலாம். நாமும் சுளிப்போம், அஊது ஓதுகிற வீட்டில் அந்தப் பெயரைத் திரையில் வைத்துக்கொண்டு பிள்ளைகள் ஆடுவதை எந்த உம்மா விரும்புவார்? ஆனால் அதற்கு அந்தப் பெயரை மாற்றினால் போதுமே. பின்னாளைய ஆங்கிலப் பதிப்புகளில் அவனை 'இருள் இளவரசன்' ஆக்கினார்கள். ஒரு குறையும் வரவில்லை. சாத்தானை விரட்டுவதற்காக அந்தப் பிள்ளையையும் வீட்டை விட்டு விரட்டியது என்ன நியாயம்?

தெரியாத முகம் விற்காது என்பதைத்தான் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. இதற்கு நம் நாட்டிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. 'ஓஷின்' என்ற ஜப்பானியத் தொடர் நாடகத்தை எங்கள் உம்மாமாருக்கும் உம்மும்மாமாருக்கும் நினைவிருக்கும். ரூபவாஹினியில் சிங்களத்தில் குரல் கொடுத்துக் காட்டினார்கள். ஏழை வீட்டில் பிறந்து, சிறு வயதிலேயே வேலைக்கு அனுப்பப்பட்டு, பனியிலும் பசியிலும் வளர்ந்த ஒரு ஜப்பானியப் பெண்ணின் கதை. எங்கள் ஊரில் பனியை யார் கண்டார்? கிமோனோவை யார் கண்டார்? சிங்களம் பாதி விளங்கியும் பாதி விளங்காமலும் பக்கத்து வீட்டு டீவிக்கு முன்னால் உட்கார்ந்து அழுததை உம்மும்மா இன்றும் சொல்கிறார். "அந்தப் புள்ளட கஷ்டம் பார்த்து சோறு எறங்கல்ல மகள்" என்பார். ஓஷின் என்ற பெயர் கூட மாற்றப்படவில்லை. முகத்தை மாற்றாமல், மொழியை மட்டும் மாற்றிக் கொண்டுவந்தார்கள். அவள் நாட்டுக்கே பிள்ளையானாள்.

பெயரையே மாற்றினாலும் பரவாயில்லை. டைட்டஸ் தொட்டவத்த அவர்கள் பக்ஸ் பனி கார்ட்டூனைச் சிங்களத்துக்குக் கொண்டுவந்தபோது 'ஹா ஹா ஹரி ஹாவா' என்று பெயர் வைத்தார். முயல் முயலாகவே இருந்தது, அதன் குறும்பும் போகவில்லை. முயலை எடுத்துவிட்டு அந்த இடத்தைக் காலியாக விடவில்லை. மொழிபெயர்ப்பு என்பதற்கு நம் நாட்டுக் கலைஞர் ஒருவருக்கிருந்த மரியாதை, அவ்வளவு பெரிய நிறுவனங்களுக்கு இல்லாமற் போனதே என்பதுதான் என் ஆதங்கம்.

விவாத மன்றத் தோழி இன்னொன்றும் கேட்டாள். "இடம் காலியா இருக்கிறது நல்லந்தானே? அந்த இடத்துல நீயே இருக்கலாம். ஆர்லே இருந்தா அது ஆர்லேட இடம்." இது கெட்டிக்காரத்தனமான கேள்வி. இரண்டு நாள் யோசித்தேன். நானும் அப்படித்தான் ஆடினேன், அதில் பொய்யில்லை. ஆனால் காலியிடம் என்பது எல்லாருக்கும் சமமாகக் காலியாக இருப்பதில்லை. பெயர் எழுதாத கதிரையில் யார் வந்து உட்காருவார் என்பது வீட்டுக்கு வீடு, சபைக்குச் சபை முன்பே தீர்மானமாகியிருக்கிறது. இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை.

ஒரு ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் குடும்பமெல்லாம் எங்கள் வீட்டில் கூடியது. பெரியவாப்பாவின் மகன், நான் நானா என்று கூப்பிடுபவர், ஓர் அப்பியாசக் கொப்பியில் கோடு போட்டு ஒரு சுற்றுப்போட்டி நடத்தினார். பன்னிரண்டு பேர். நான் அவரையும் வென்று கடைசிவரை வந்தேன். கடைசி ஆட்டத்தில் நான் போட்ட சங்கிலி ஆறு. எதிரே இருந்தவர் மாமியின் மூத்த மகன், அவர் கையிலிருந்த ரிமோட்டை மெத்தையில் போட்டுவிட்டு எழுந்து போனார். எல்லாரும் கை தட்டினார்கள். நானாவும் தட்டினார். அவர் கெட்டவர் அல்ல. எனக்குப் பௌதிகம் சொல்லிக்கொடுப்பவர் அவர்தான்.

கொப்பியில் அவர் என் தம்பியின் பெயரை எழுதினார்.

நான் கேட்டபோது ஆச்சரியப்பட்டார். "இத போட்டோ எடுத்து குறூப்ல போடப் போறன். வெளி ஆக்களும் இரிக்கிறாங்க. உன்ட பேர் என்னத்துக்கு?" என்றார். என்னைப் பாதுகாப்பதாகவே நினைத்தார். என் படம் வெளியே போகக்கூடாது என்றால் எனக்கு விளங்கும். அது நானே விரும்பிக் கடைப்பிடிக்கும் ஒழுங்கு. என் பெயர் ஒரு கொப்பியில் இருந்தால் என்ன? என் பெயர் பரீட்சைத் தாளில் இருக்கிறது. ஹதீஸ் கற்பித்த ஆயிஷா நாயகியின் பெயர் ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக ஆண்களின் வாயிலும் ஏட்டிலும் இருக்கிறது. யாரும் அதை மறைத்து அவர் சகோதரர் பெயரை எழுதவில்லை. இதையெல்லாம் அன்று நான் சொல்லவில்லை. வட்டிலப்பம் பரிமாறக் கூப்பிட்டார்கள், போய்விட்டேன். சொல்லாமல் போனதற்காக இன்றுவரை என் மீதே எனக்குக் கோபம்.

தம்பிக்குத்தான் பாவம், வெட்கமாகப் போய்விட்டது. அவன் இரண்டாம் சுற்றிலேயே தோற்றவன். குறூப்பில் எல்லாரும் வாழ்த்த, 'நான் இல்ல, ராத்தா' என்று அவன் எழுதினானாம். யாரும் அதைக் கவனிக்கவில்லை.

அன்றிரவுதான், யார் முதலில் இந்த விளையாட்டைச் செய்தார்கள் என்று தேடிப்பார்த்தேன். ஆர்லேயை அன்றுதான் கண்டேன். என் வயதுதான் ஏறத்தாழ. மூலத்தின் ஆட்டத்தைப் படமாகப் பார்த்தேன். ஜப்பானிய மொழி ஒரு சொல்லும் விளங்காது. ஆனால் எதிரி பேசி முடித்ததும் அவள் பேசினாள். எனக்குப் பழகிப்போன அந்த மௌனம் இருந்த அதே இடத்தில்.

நடந்தது நடந்துவிட்டது, ஆனால் அப்படியே நின்றுவிடவும் இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். கொம்பைல் நிறுவனம் கடனில் மூழ்கி 1998 இல் புயோ புயோவின் உரிமை சேகாவிடம் போனது; 2003 இல் நிறுவனமே மூடப்பட்டது. ஆனால் ஆர்லே மூடப்படவில்லை. 2000 களின் தொடக்கத்தில் 'புயோ பொப்' என்ற பெயரில் கையடக்கக் கருவிகளில் தன் சொந்த முகத்தோடு அவள் மேற்கே போனாள். ஜப்பானில் 2014 இல் வந்த 'புயோ புயோ டெட்ரிஸ்' 2017 இல் மேற்கே வெளியானபோது ஆங்கிலத்தில் வாயாரப் பேசினாள். அந்த விளையாட்டு நன்றாகவே போயிற்று. அதன் இரண்டாம் பாகமும் 2020 இல் வந்தது. தெரியாத முகம் என்றார்களே, காட்டினால்தானே தெரியும்! லிப்புக்கு இன்னும் நீண்ட காலம் பிடித்தது. மூலமான பனெல் டெ பொன், அதே தேவதைகளோடு, 2020 இல்தான் மேற்கத்திய விளையாட்டாளர்களின் கைக்கு முறையாகக் கிடைத்தது. கணக்குப் பார்த்தால் இருபத்தைந்து ஆண்டு. அதை முதலில் ஆடியிருக்கவேண்டிய சிறுமிக்கு அதற்குள் ஒரு சிறுமி பிறந்திருப்பாள்.

இவ்வளவும் எழுதிய பின்பு வாப்பாவிடம் வாசிக்கக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு மெதுவாக வாசித்தார். கொப்பி விடயம் வரும் இடத்தில் நிறுத்தி, "எனக்கு இது தெரியாதே மகள்" என்றார். பிறகு நீண்ட நேரம் ஒன்றும் பேசவில்லை. "நான் இத வாங்கக்கொள்ள கடக்காரன் இன்னொரு கெசட்டும் காட்டினான். ஜப்பான் எழுத்து. ஒரு பொம்புளப் புள்ளட படம் போட்டிருந்திச்சி. விளங்காத பாஷ எண்டு நான் எடுக்கல்ல" என்றார். அது புயோ புயோவா, வேறு ஏதாவதா, அவருக்கு நினைவில்லை. எனக்கு அதுவே போதும், அல்லது போதாது. எதுவென்று தெரியவில்லை.

சென்ற விடுமுறைக்கு மாமியின் கடைசி மகள் வந்திருந்தாள். ஏழு வயது. அவளுக்கு விளையாட்டைப் பழக்கினேன். ரோபோ வந்து கத்திவிட்டுப் போனதும் இடப்பக்கத்துக் கிணற்றைக் காட்டி, "ராத்தா, இது ஆரு?" என்று கேட்டாள். ஒரு கடதாசித் துண்டில் 'ஆர்லே' என்று பெரிய எழுத்தில் எழுதி, டீவியின் இடது ஓரத்தில் ஒட்டினேன். கதையையும் சொன்னேன். கார்பங்கிளைப் பற்றித்தான் அதிகம் கேட்டாள்.

மறுநாள் சுபஹுக்குப் பிறகு முன்வீட்டைக் கூட்டப் போனபோது, அந்தப் பெயருக்குக் கீழே பச்சைப் பென்சிலால் ஓர் எழுத்துப் பிழையோடு தன் பெயரையும் எழுதி வைத்திருந்தாள். கடதாசி இன்னும் அங்கேதான் இருக்கிறது. உம்மா தூசு தட்டும்போது அதைச் சுற்றித் தட்டுகிறார். அவளால் இன்னும் நாலாவது எதிரியைத் தாண்ட முடியவில்லை. நான்கு சேர்ந்தவுடனே உடைத்துவிடுகிறாள்.